வண்ணம் தீட்டும் பக்கத்தைக் கொஞ்சம் மாற்றலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சிறுவர்களுக்கென்று ஒரு பக்கம் விடுகிறீர்கள். அதன் கீழ்ப்பாதியில் ஒரு கோட்டுப்படம், மேலே ‘வண்ணம் தீட்டுங்கள்’ என்று தலைப்பு, ஓரத்தில் தபால்தலை அளவில் அதே படம் முழு வண்ணத்தில். பிள்ளைகள் அதைப் பார்த்து இதைத் தீட்டி அனுப்ப வேண்டும், நன்றாகத் தீட்டியவர் பெயர் அடுத்த வாரம் வரும். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறை சொல்லிவிட்டுப் போவதற்காக இல்லை. பத்திரிகைகளில் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவதே குறைந்துபோன காலத்தில் விடாமல் நடத்துகிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த ஓரத்துக் குட்டிப் படத்தை எடுத்துவிடுங்கள். முடிந்தால் கோட்டுப்படத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய ஓவியத்தைப் போட்டு, ‘இதை மாற்றி வரையுங்கள்’ என்று கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுக்கோட்டைக்காரன், அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வீட்டுக்கு வருவார்கள், கட்டணம் கிடையாது, பாயை விரித்து உட்கார்ந்து ஏதாவது வரைவோம். புதிதாக வருகிற பிள்ளையிடம் தாளைக் கொடுத்து ‘உனக்குப் பிடித்ததை வரைப்பா’ என்றால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வருகிற ஆறு, ஒரு கூரை வீடு, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலைந்து காக்காய். புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த பிள்ளை அந்த மாதிரி மலையை எங்கே பார்த்தது? இங்கே இருப்பதெல்லாம் மொட்டைப் பாறைக் குன்று. சூரியன் இரண்டு மலைக்கு நடுவில் எழுவதை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதைத்தான் போடும், ஏனென்றால் அதுதான் ‘டிராயிங்’ என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வீட்டில் அண்ணன் போட்டான், பள்ளியில் டீச்சர் போட்டுக் காட்டினார், போட்டியில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள்.

போட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு தனியார் பள்ளியில் ஓவியப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள், பள்ளியின் பெயர் வேண்டாம். தலைப்பு ‘மரம் வளர்ப்போம்’. வந்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே படம். உலக உருண்டையை இரண்டு கை தாங்கும், உருண்டையின் மேல் ஒரு மரம் நிற்கும். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து அப்படியே இறக்கியிருந்தார்கள், நிழல் விழும் பக்கம்கூட மாறவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும், பஸ் ஸ்டாண்டில் ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்ட புளியமரத்தின் அடிக்கட்டையில் ஒரு ஆள் உட்கார்ந்து டீ குடிப்பதை வரைந்திருந்தான். கோடு கோணல்தான், விரல் நாலுதான் இருந்தது. அவனுக்கு முதல் பரிசு என்று நான் சொன்னதற்கு உடன் இருந்தவர்கள் சம்மதிக்கவில்லை, ‘நீட்னஸ் இல்லையே சார்’ என்றார்கள். சரி, ஆறுதல் பரிசாவது கொடுங்கள் என்று வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த மனப்பாடத்தை உடைப்பதற்கு நான் எத்தனையோ வழி பார்த்திருக்கிறேன். வெற்றுத் தாளைக் கொடுத்து ‘சுயமாகச் சிந்தித்து வரை’ என்பதால் ஒன்றும் ஆவதில்லை, மலையும் சூரியனும் திரும்பி வந்துவிடும். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து ‘இதை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்’ என்று சொல்வதுதான் பலன் கொடுத்தது. மாற்ற வேண்டும் என்றால் முதலில் உற்றுப் பார்த்தாக வேண்டுமே. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்று யோசிக்கிறபோது, பார்த்துப் பார்த்து அப்படியே போடுகிற பிள்ளையைவிட இரண்டு மடங்கு நேரம் அந்தப் படத்தின் மேல் கண் இருக்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு படம் இருக்கிறது. சித்தன்னவாசல், புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அறிவர் கோயில் என்கிற அந்தச் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம், 9ஆம் நூற்றாண்டு. இலையும் பூவுமாகக் குளம் முழுக்க நெருக்கம், நடுவில் மீன், வாத்து மாதிரி நீர்ப்பறவைகள், யானை, எருமை. மூன்று ஆண்கள் குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். இருவர் சேர்ந்து நிற்கிறார்கள், கருஞ்சிவப்பு மேனி, ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. மூன்றாமவர் தள்ளி நிற்கிறார், மஞ்சள் மேனி, தோளில் தாமரைக் கட்டு. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே உள்ள தமிழ்க் கல்வெட்டு, மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. அதாவது இன்றைக்கு நாம் பழசு என்று கொண்டாடுவதே, ஏற்கெனவே இருந்த ஒன்றின்மேல் வேலை செய்ததுதான்.

அந்த விதானத்தின் நிலைமை போனவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் சுதைப் பூச்சு உதிர்ந்துவிட்டது. உதிராத இடத்தில் கரி படிந்து மங்கிவிட்டது. தூண்களில் இருக்கும் நடன மங்கையரில் ஒருத்தியின் கை தெரிகிறது, இடுப்புக்குக் கீழே தேட வேண்டியிருக்கிறது. காவலும் கம்பிவேலியும் வருவதற்கு முன்னால் ஆடு மேய்க்க வந்தவர்களும் சுற்றுலா வந்தவர்களும் செய்த வேலையும் இதில் சேர்த்திதான். பெரியவர்கள் இதைப் பார்த்தால் ‘ஐயோ, பாழாகிவிட்டதே’ என்போம். பிள்ளைகளுக்கு அந்த உதிர்ந்த இடம்தான் கதவு.

நான் செய்தது இவ்வளவுதான். அந்தக் குளத்தின் புகைப்படம் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பெரிய தாளில் கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் மங்கலாக எடுத்துத் தரச் சொன்னேன். மங்கலாக வேண்டும் என்றதும் கடைத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான், எல்லோரும் டார்க்காகத்தானே கேட்பார்கள். சுதை போன இடமெல்லாம் தாளில் வெள்ளைத் திட்டாக வந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்து, ‘இந்தத் திட்டில் என்ன இருந்திருக்கும்? இல்லையென்றால் என்ன இருக்கலாம்?’ என்று கேட்டேன். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் வந்த கேள்வி யானையைப் பற்றி. ‘யானையும் மீனும் ஏன் சார் கிட்டத்தட்ட ஒரே சைஸில இருக்கு?’ அடுத்து, ‘தண்ணி எங்க சார்? தண்ணியையே வரையலையே.’ நான் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் என்று தனியாக ஒரு வண்ணமும் கண்ணில் படாமலே இலையையும் பூவையும் நெருக்கிப் போட்டு அந்தப் பழைய ஓவியன் குளம் ஆக்கியிருக்கிறான் என்பதை ஆறாம் வகுப்புப் பையன் சொல்லித்தான் நிதானமாகப் பார்த்தேன். ஒரு பெண் வெள்ளைத் திட்டு முழுவதும் ஆகாயத்தாமரையைப் பரப்பினாள், அவள் ஊர்க் கண்மாயில் இப்போது இருப்பது அதுதானாம். ஒருவன் கரையில் மஞ்சளாக ஒரு ஜேசிபியை நிறுத்திவிட்டான், தூர் வாருகிறார்களாம், மஞ்சள் மேனி ஆளுக்கும் அந்த வண்டிக்கும் ஒரே மஞ்சள் போட்டிருந்தது நன்றாகவே இருந்தது. ஏழாவது படிக்கிற ஒருத்தி, ‘மூணு பேரும் ஆம்பளைங்களா இருக்காங்க, பொம்பளப் பிள்ளைங்க பூப் பறிக்க மாட்டாங்களா?’ என்று கேட்டுக்கொண்டே நாலாவது ஆளாகத் தன்னை வரைந்தாள், ரெட்டைச் சடை, பள்ளிச் சீருடை, முழங்கால் வரை தண்ணீர். தண்ணீருக்கு மட்டும் அவளும் வண்ணம் போடவில்லை. ‘அவங்க போடல, அதனால நானும் போடல சார்.’

வண்ணத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அந்த ஓவியர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பு, கரி, காவிக்கல், மஞ்சள்கல் என்று மண்ணிலிருந்து எடுத்ததை வைத்துத்தான் வேலை செய்தார்கள். எங்கள் பக்கம் செம்மண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. நன்றாகக் காய்ந்த செம்மண்ணை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஊறவைத்த கருவேலம் பிசினைக் கலந்தால் அருமையான காவி. விறகடுப்புக் கரியை இழைத்தால் கறுப்பு. மஞ்சள்தூளைக் குழைத்து வைத்துக்கொண்டு அதில் சுண்ணாம்பைத் தொட்டு விடுங்கள், பிள்ளைகள் கண் முன்னாலேயே சிவக்கும். ஆரத்தித் தட்டில் தினமும் பார்ப்பதுதான், ஆனால் தன் தாளில் நடக்கும்போது கத்துகிறார்கள். ஒன்றே ஒன்று, மஞ்சளில் தீட்டியதை வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், சில வாரத்தில் வெளுத்துவிடும். செம்மண்ணும் கரியும் அப்படியே நிற்கும்.

‘பழைய ஓவியத்தில் ஜேசிபி வரைவதா, இது அவமரியாதை இல்லையா’ என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய ஓவியர்களே வாழ்நாளெல்லாம் இதைத்தானே செய்திருக்கிறார்கள். ஸ்பெயினின் வெலாஸ்கெஸ் 1656இல் அரண்மனைச் சிறுமியையும் பணிப்பெண்களையும் வரைந்த பெரிய படம் ஒன்று உண்டு. 1957இல் பிக்காசோ அதை எடுத்துவைத்துக்கொண்டு கலைத்துப் போட்டு மாற்றி மாற்றி வரைந்தார், அந்த வரிசையில் மொத்தம் 58 ஓவியங்கள். வெலாஸ்கெஸின் படத்தில் முன்னால் படுத்திருக்கும் பெரிய நாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘லம்ப்’ என்கிற குட்டைக்கால் நாயைப் போட்டுவிட்டார், அவர் வீட்டில் அப்போது அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் எல்லாப் படத்திலும் தங்கள் தெரு நாயை நுழைக்க ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு கதை. வான்கோ 1889-90இல் மருத்துவமனையில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களுடைய கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வண்ணத்தில் திரும்ப வரைந்தார். நம் ஜெராக்ஸ் வேலையேதான்.

அவ்வளவு தூரம் போவானேன். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமி, சரஸ்வதி படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த அச்சுப் படங்களை வாங்கியவர்கள் அப்படியே மாட்டிவிடவில்லை. சேலை வருகிற இடத்தில் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள், ஜரிகை தைத்தார்கள், நகைக்குச் சம்கியும் மணியும் வைத்தார்கள். இன்றைக்கு அவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். என் அப்பத்தா வீட்டிலும் அப்படி ஒரு முருகன் இருந்தார், வேலுக்கு வெள்ளித்தாள், மயிலுக்குப் பச்சை ஜிகினா. யாரும் அதை அவமரியாதை என்று சொன்னதில்லை, விளக்கேற்றிக் கும்பிட்டார்கள்.

அதற்காக அசலில் கை வைக்கலாம் என்று சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012இல் ஸ்பெயினில் போர்ஹா என்கிற சின்ன ஊரில், தேவாலயச் சுவரில் மங்கிப்போன இயேசு ஓவியத்தை ஒரு மூதாட்டி நல்ல எண்ணத்தோடு தொட்டுத் திருத்தப்போய் உலகமே சிரித்தது. நாமும் சிரித்தோம், ஆனால் நம் ஊர்க் கோயில்களில் குடமுழுக்கு என்ற பெயரில் நாயக்கர் காலச் சுவரோவியங்களின் மேல் சுண்ணாம்பையும் எனாமல் பெயின்டையும் அடித்து முடித்திருக்கிறோம், அதற்கு யாரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அசலைத் தொட அதற்கென்று படித்தவர்கள் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொண்டு வந்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலே இருந்ததையும் வீணாக்காமல் சுதையோடு பெயர்த்துப் பலகையில் ஏற்றி, கீழே இருந்ததையும் காப்பாற்றினார்கள். அதற்குப் பெயர் வேலை. பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் போதும், சுவரில் பெயர் கிறுக்குகிற கை அதுவாகவே நின்றுவிடும். பிரதியில் இஷ்டத்துக்கு விளையாடியவனுக்கு அசல் எவ்வளவு பெரிசு என்று தெரிகிறது. சித்தன்னவாசலுக்கு இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ஒருத்தரும் சுவரைத் தொடவில்லை, எல்லாரும் அண்ணாந்து தங்கள் வெள்ளைத் திட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளின் சொந்தப் பழைய படங்களிலும் இதைச் செய்யலாம், பெற்றோர்கள் கவனிக்க. வீட்டில் பரண்மேல் சுருட்டிக் கிடக்கும் போன வருஷத்துச் சார்ட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். வாட்டர் கலரில் போட்டதென்றால் ஈரத் தூரிகையால் தேய்த்தால் பாதி வண்ணம் எழும்பி வந்துவிடும், மீதியின்மேல் மெழுகுக் கிரயானால் கோடு போட்டு மறுபடி வண்ணம் ஓடவிடலாம், மெழுகு இருக்கிற இடத்தில் ஒட்டாது. பிடிக்காத இரண்டு படத்தை நீள நீளப் பட்டையாக வெட்டி ஓலைப்பாய் மாதிரி முடைந்தால் மூன்றாவதாக ஒரு படம் கிடைக்கும். போஸ்டர் கலரில் வெள்ளையை எடுத்து, வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடச் சொல்லுங்கள், எதை விட்டுவைக்கிறார்கள் என்று பார்ப்பதே சுவாரசியம். வீட்டில் பழைய கேன்வாஸ் இருந்தால் ஒரு எச்சரிக்கை, ஆயில் பெயின்டின் மேல் அக்ரிலிக் அடித்தால் பிடிக்காது, பாளம் பாளமாக உரியும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் ஆயிலிலேயே வரையலாம், ஆனால் தேய்க்கிற வேலையைப் பெரியவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பள்ளிகளில் டிராயிங் பீரியட் என்றால் போர்ஷன் முடிக்காத கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கிற பீரியட் என்றாகிவிட்டது. 2012இல் நியமித்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் பணிநிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடியது உங்கள் பத்திரிகையிலேயே வந்தது, அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இங்கே விடுகிறேன். தொல்லியல் துறைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியம் 2012இலிருந்து தன்னிடம் உள்ள ஓவியங்களை மிகத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இறக்கிக்கொள், வெட்டு, ஒட்டு, உனக்கு வேண்டியதைச் செய் என்று சொல்லியே வைத்திருக்கிறது. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017இல் அதையே செய்தது. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைபட்டவர்கள் துண்டையும் சாப்பாட்டுத் தட்டையும் வைத்துப் பழைய ஓவியங்களைப் போல வேஷம் கட்டிப் படம் எடுத்துப் போட்டார்களே, அந்த வேடிக்கை அவ்வளவு தூரம் பரவியதில் இப்படிப் படங்கள் கைக்கு எட்டுகிறபடி இருந்ததற்கும் பங்கு உண்டு. சித்தன்னவாசல் குளத்துக்கும் விழுப்புரம் பக்கம் பனைமலைக் கோயிலில் இருக்கும் பல்லவர் கால உமைக்கும் தஞ்சாவூரில் வெள்ளை யானையேறிக் கயிலாயம் போகிற சுந்தரருக்கும் அப்படி ஒரு நல்ல படம் வேண்டும். அந்தச் சுந்தரர் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கருவறையின் உள்சுற்றைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, காரணம் சரிதான், ஆனால் அப்படியென்றால் படமாவது எல்லோர் கைக்கும் வர வேண்டாமா? காசு கொடுத்து வாங்கும் கனத்த புத்தகத்தில் இருப்பது கிராமத்துப் பள்ளிக்கு எட்டாது.

அதுவரைக்கும் நீங்கள் ஆரம்பிக்கலாம். வாரம் ஒரு பழைய தமிழ்நாட்டு ஓவியம், அரைப் பக்கம். எந்த ஊர், எந்தக் காலம், என்ன காட்சி என்று மூன்று வரி போதும், கதை முழுவதையும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பகுதியை வெள்ளையாக விட்டுவிடுங்கள். வருகிற படங்களில் ஒன்றை மட்டும் பரிசு என்று போடாமல் ஒரே ஓவியத்துக்கு வந்த நாலைந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஒரே வெள்ளைத் திட்டு எத்தனை விதமாக நிரம்பியிருக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் பார்க்கட்டும். அம்மா அப்பா போட்டுக்கொடுத்த படம் கண்டிப்பாக வரும், பார்த்தாலே தெரியும், தாட்சண்யம் பார்க்காமல் தள்ளிவிடுங்கள்.

அச்சுப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது. படத்தை அடர்கறுப்பில் அடிக்காமல் வெளிர் சாம்பலில் அடிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் மேலே பிள்ளை போடுகிற கோடு தெரியும். நியூஸ்பிரிண்ட் தாளில் தண்ணீர் வண்ணம் ஊறிப் பின்பக்கம் இறங்கும். இப்போது அந்தப் பக்கத்துக்குப் பின்னால் வார ராசிபலன் வருகிறது. அதை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டால் வீட்டில் பெரியவர்களோடு சண்டை வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
புதுக்கோட்டை.